தேய்க்காத டாலர்

என் அக்கா வீட்டில் கதவுத் தாழ்ப்பாள்கூடப் பளபளக்கும். என் வீட்டில் குத்துவிளக்கே கறுத்துக் கிடக்கும். நான் சோம்பேறிதான், ஒப்புக்கொள்கிறேன். அதனால் என்ன இப்போ?

அப்பா சொல்தா, அதாவது பிரெஞ்சுப் பட்டாளத்துச் சிப்பாய். சைகோனில் இருந்தவர். அங்கே ஒரு சீனக் கடைக்காரரிடம் வாங்கிய இரண்டு அமெரிக்க வெள்ளி டாலர்களை எங்கள் கல்யாணங்களில் ஆளுக்கொன்றாகக் கொடுத்தார். ஒரு பக்கம் சரக்கு மூட்டைமேல் உட்கார்ந்திருக்கும் பெண், மறுபக்கம் கழுகு.

கிறிஸ்மஸுக்கு முன் பித்தளை, வெள்ளி எல்லாவற்றையும் புளியும் சாம்பலும் போட்டுத் தேய்ப்பது எங்கள் வீட்டு வழக்கம். அக்கா டாலரையும் தேய்த்து, குடிலில் மூன்று ராஜாக்களின் காணிக்கையாக வைப்பாள். என்னுடையது பீரோவில் ஒரு காகித உறைக்குள்ளேயே கிடந்தது.

"அப்பா குடுத்தத கரிக்கட்டை ஆக்கிட்டியேடி! உங்கிட்டப் போயி குடுத்தாரே!"

வருஷா வருஷம், என் மாமியார் வீட்டார் முன்னாலேயே சொல்வாள். நாற்பது வருஷம். பற்றிக்கொண்டு வரும். சாவதற்குள் ஒரே ஒரு தடவை அவள் வாயை அடைத்துவிடவேண்டும், அவ்வளவுதான் நான் கேட்டது.

போன வருஷம் எங்கள் ஊர் உப்பளம் பகுதியில் ஒரு மண்டபத்தில் பழைய நாணயக் கண்காட்சி போட்டார்கள். யார் கொண்டுபோனாலும் பார்த்து மதிப்புச் சொல்வார்களாம். ரெட்டியார்பாளையத்திலிருந்து நான் சாரத்தில் இருக்கும் அக்கா வீட்டுக்குப் போய் அவளைக் கூப்பிட்டேன். என் டாலரைப் பார்த்ததும் தலையில் அடித்துக்கொண்டாள்.

"இந்த லட்சணத்துலயா எடுத்துட்டு வருவ? என் மானம் போவுது. குடு, ரெண்டே நிமிஷம்." புளியைக் கரைத்தே வைத்திருந்தாள், மகராசி. டாலர் அவள் கைக்கும் போய்விட்டது.

"வுடுக்கா! என்னுது எப்படி இருக்குதோ அப்படியே போவட்டும்!" வெடுக்கென்று பிடுங்கிக்கொண்டேன். விவரம் தெரிந்து செய்யவில்லை. வெறும் வீம்பு.

மண்டபத்தில் லென்ஸோடு உட்கார்ந்திருந்தவர் முதலில் அக்காவுடையதை வாங்கினார்.

"இத தேய்ப்பீங்களாம்மா?"

"வருஷம் தவறாம!" அக்காவுக்கு ஒரே பெருமை.

"பொண்ணு மூஞ்சியே தேஞ்சிபோச்சேம்மா. இனிமே வெள்ளி விலைதான்."

அடுத்தது என்னுடையது. தராசில் வைத்தார். விளிம்பைப் பார்த்தார். பக்கத்து மேசைக்காரரைக் கூப்பிட்டுக் காட்டினார்.

"சீன வியாபாரத்துக்குன்னே அமெரிக்காவுல அடிச்ச டாலரும்மா இது. கை மாறும்போது வெள்ளி நிஜமான்னு பாத்து, சீன வியாபாரிங்க அதுமேல முத்திரை குத்திடுவாங்க. இதுல ஒரு குத்துகூட இல்ல. இந்தக் கறுப்பு அழுக்கும் இல்ல, வெள்ளி தானா போட்டுக்கிட்ட தோலு. சேர்க்கறவங்க இதுக்குத்தான் அலைவாங்க. அவங்களுது மாதிரி பத்து குடுத்தாலும் இது ஒண்ணுக்கு ஈடாவாது. யாரு இவ்ளோ பத்திரமா வெச்சிருந்தது?"

"நான்தான்!" என்றேன். மண்டபமே திரும்பிப் பார்த்தது. பார்க்கட்டுமே! வெட்கமே இல்லாமல் சந்தோஷப்பட்டேன்.

சாயங்காலம் வரை கண்ணாடிப் பெட்டியில் வைக்கக் கேட்டார்கள். சரியென்றேன். பெட்டிக்குப் பக்கத்திலேயே எனக்கு ஒரு நாற்காலியும் போட்டார்கள். அக்காவைக் காணவில்லை. கோபித்துக்கொண்டு போய்விட்டாள் என்றுதான் நினைத்தேன். கொஞ்ச நேரத்தில் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தாள், கையில் ஒரே ஒரு டீயோடு.

"இந்தா, சக்கரை தூக்கலா போடச் சொன்னேன்."

அவள் நின்றிருக்க நான் உட்கார்ந்து டீ குடித்தது என் வாழ்க்கையில் அன்றைக்குத்தான். ஆறிப்போகும்வரை மெதுவாகக் குடித்தேன்.