உளிச் சத்தம் நின்றபோது

என் கணவருக்கு நெஞ்சுவலி வந்து, இரத்தக்குழாயில் ஸ்டென்ட் வைத்த பிறகு, அவர் வேலைக்குப் போவதை விட்டுவிட்டார். பாலராமபுரத்தில் ஒரு கைத்தறித் துணிக்கடையில் கணக்குப் பார்த்துக்கொண்டிருந்தவர். நான் தமிழ் டீச்சராக இருந்து ஓய்வு பெற்றிருந்தேன். மகள் கல்யாணமாகி பெங்களூரில் இருந்தாள். கொல்லயில் என்ற ஊரில் எங்கள் வீட்டில் நாங்கள் இருவர் மட்டும்.

ஆஸ்பத்திரியிலிருந்து வந்து கொஞ்ச காலம் கட்டிலில் கிடந்து போன் பார்த்துக்கொண்டிருந்தார். எங்கேயோ ஒரு நாட்டில் ஒருவர் ஒரு ஆணிகூட அடிக்காமல் நாற்காலி செய்கிற வீடியோ. அதையே திரும்பத் திரும்பப் பார்ப்பார். பிறகு ஒரு நாள் பாறசாலைக்கு பஸ்ஸில் போய் ஒரு கைவாள், சில உளிகள், உளியின் தலையில் தட்டுகிற கொட்டுவடி எல்லாம் வாங்கிவந்து, வீட்டின் பின்பக்கம் இருந்த விறகுப்புரையை ஒதுக்கி உட்கார்ந்துகொண்டார். எங்கள் இரண்டு குடும்பங்களிலும் யாரும் மரவேலை செய்தவர்கள் இல்லை. முதலில் சிரட்டையில் குழம்பு கோருகிற தவி ஒன்று செய்தார். சாம்பாரில் இட்டதும் கைப்பிடி கழன்றுவிட்டது. அடுத்ததாக ஒரு முக்காலி. அதில் உட்கார்ந்தால் கிழக்குப் பக்கமாகச் சாய்வோம்.

டாக்டர், மூச்சு வாங்காத அளவுக்கு எதையும் செய்யலாம் என்று சொல்லியிருந்தார். மூச்சு வாங்குகிறதா இல்லையா என்று அடுக்களையில் நிற்கிற நான் எப்படி அறிவது? காதால்தான் அறிந்தேன். வாள் அறுக்கும் சத்தம் எனக்குப் பழகியது. இழைப்புளி பலகையில் நீளமாக ஓடுகிற சத்தம் பழகியது. கொட்டுவடி உளியில் விழுகிற சத்தம்தான் ரொம்பத் தெம்பாக இருக்கும், ஒரு ஆள் நன்றாக இருக்கிறார் என்று யாரோ கதவைத் தட்டிச் சொல்வதுபோல. சத்தம் நின்றால் என் கையும் நின்றுவிடும். மிக்ஸியை ஓட்டினால் வெளியே நடப்பது கேட்காது என்று தேங்காயை நிறுத்தி நிறுத்தி அரைத்தேன். குக்கர் விசில் அடிக்கும்போதெல்லாம் எரிச்சலாக வந்தது. சத்தம் நின்று கொஞ்சம் நீண்டால் நான் ஜன்னலுக்குப் போய், "சாயா வேணுமா?" என்று கேட்பேன்.

"வேண்டாம்" என்று பதில் வந்தால் போதும். திரும்பி வந்து வெங்காயம் அரிவேன்.

ஒரு நாள் அவர் உளியோடு அடுக்களை வாசலில் வந்து நின்றார்.

"எட்டி, ஒண்ணு கேக்கட்டா? நீ சாயா கேக்குதது எனக்குத் தாகம் உண்டாண்ணு பாக்கவா, உயிரு உண்டாண்ணு பாக்கவா?"

எனக்குச் சிரிப்பும் வந்தது, கண்ணும் நிறைந்தது. "ரெண்டுக்கும் தான்" என்றேன்.

"சாயா குடிச்சே நான் செத்துப் போவேன். இனி நான் நிறுத்தினா சொல்லிப்போட்டு நிறுத்துதேன். செரியா?"

அப்படியே செய்தார். விறகுப்புரையிலிருந்து "அளவெடுக்கேன்" என்று ஒரு குரல் வரும். "உளி தீட்டுதேன்" என்று வரும். சில நேரம், "சும்மா இருக்கேன், அதாக்கும்" என்று வரும். பக்கத்து வீட்டில் ஆட்டோ ஓட்டுகிற தம்பி மதிலுக்கு மேலே எட்டிப் பார்த்து, அண்ணன் யாரிடம் பேசுகிறார் என்று என்னிடம் கேட்டான்.

அந்த ஆண்டு ஜூன் மாதத்து இடவப்பாதி மழைக்கு எங்கள் எல்லையோரம் நின்ற அயனி மரம் சாய்ந்தது. மின்கம்பிக்கு எட்டாமல் விழுந்தது எங்கள் அதிர்ஷ்டம். மில்லில் கொடுத்துப் பலகையாக அறுத்துக்கொண்டு வந்தோம். கிறிஸ்மஸுக்கு மகள் குடும்பத்தோடு வருவாள், சாப்பாட்டு மேசைக்கு இருக்கை போதாது, ஒரு பெஞ்சு செய்யப்போகிறேன் என்றார். ஆணி கிடையாது. பலகையில் சதுரமாகத் துளை வெட்டி, காலின் நுனியை அதே அளவுக்குச் செதுக்கி இறுக்கிச் சேர்ப்பது.

பெஞ்சு என்றால் ஆள் உட்காருவது. என் பயம் இரண்டாகப் பெருகியது. மகளிடம் போனில் சொன்னேன்.

"அம்மா, அப்பா சும்மா கிடந்தா தான் பிரச்சினை. நீங்க பேடிச்சுப் பேடிச்சு அப்பாவையும் பேடிப்பிக்காதிங்க" என்றாள்.

அவள் சொன்னது சரிதான். சரி என்று தெரிந்ததால் காது ஓய்ந்துவிடுமா?

ஐப்பசியில் ஒரு மதியம். மூன்று கால்களுக்குத் துளை வெட்டி முடித்து, நாலாவதைத் தொடங்கியிருந்தார். திடீரென்று மழை பிடித்தது. விறகுப்புரைக்கு மேலே தகரம். மழை விழுந்தால் உள்ளே உள்ள எந்தச் சத்தமும் வெளியே வராது. கொடியில் கிடந்த துணிகளை வாரிக்கொண்டு உள்ளே ஓடினேன். துணியை மடித்து வைத்தேன். மழை குறைந்தது. தகரத்திலிருந்து தண்ணீர் சொட்டுவது மட்டும் கேட்டது.

"சாயா வேணுமா?"

பதில் இல்லை. இன்னொரு முறை கேட்டேன்.

"ஒண்ணுமில்ல" என்றார். கேட்ட கேள்விக்கு அது பதில் இல்லை. குரலும் அவருடைய குரலாக இல்லை.

செருப்பில்லாமல் ஓடினேன். விறகு அடுக்கில் முதுகைச் சாய்த்துத் தரையில் உட்கார்ந்திருந்தார். முகம் வெளுத்து, மேலுதடெல்லாம் வியர்த்திருந்தது. இடது கையைத் தோர்த்துத் துண்டில் சுற்றி வயிற்றோடு அமுக்கிப் பிடித்திருந்தார். இடது கை என்பது மட்டும்தான் என் புத்தியில் ஏறியது. நெஞ்சுவலி அன்றும் இடது கையில்தான் தொடங்கியது.

நெஞ்சுவலிக்கு நாக்குக்கு அடியில் வைக்கிற மாத்திரை எப்போதும் என் இடுப்பில் இருக்கும். எடுத்து அவர் வாயில் திணித்தேன். அவர் தலையை ஆட்டி என்னவோ சொல்ல வந்தார்.

"பேசாதிங்க, பேசப்பிடாது" என்று வாயைப் பொத்தினேன். பொத்திக்கொண்டே மதிலைப் பார்த்துக் கத்தினேன். ஆட்டோக்காரத் தம்பி சோற்றுக் கையோடு ஓடி வந்தான். இரண்டு பேருமாக அவரைத் தூக்கி ஆட்டோவில் ஏற்றினோம். ஏற்றும்போது அவன்தான் பார்த்தான்.

"டீச்சரே, அண்ணனுக்க கையப் பாத்தேளா? ரெத்தமாக்கும்."

தோர்த்து முழுவதும் சிவந்திருந்தது. என் சேலையும் நனைந்திருந்தது, அதை மழை ஈரம் என்றே நினைத்திருந்தேன். உளி வழுக்கி, பலகையைப் பிடித்திருந்த கையில் பெருவிரலுக்குக் கீழே ஆழமாகப் பாய்ந்திருந்தது. நெஞ்சில் ஒன்றும் இல்லை. ஆனால் ஸ்டென்ட் வைத்ததிலிருந்து இரத்தம் உறையாமல் இருக்க அவருக்கு மாத்திரை உண்டு. அந்த மாத்திரையைக் காலையில் எடுத்துக் கொடுத்தது நான்தான். அது சின்ன வெட்டையும் லேசில் அடங்கவிடாது என்று டாக்டர் முதலிலேயே சொல்லியிருந்தார். இத்தனை மாதமும் நெஞ்சையே நினைத்துக்கொண்டிருந்ததில் அது என் தலையில் நிற்கவில்லை. போதாததற்கு நான் திணித்த மாத்திரையில் அவருக்குத் தலை சுற்றியது. நெய்யாற்றின்கரை ரோட்டில் ஆட்டோ குழியில் இறங்கி ஏறும்போதெல்லாம் கண்ணை மூடிக்கொண்டார். நான் தோர்த்தின் மேலே என் முந்தானையைச் சுற்றி இரண்டு கையாலும் அமுக்கிப் பிடித்தேன். "கண்ணத் தொறங்க, கண்ணத் தொறங்க" என்று வழி முழுவதும் சொல்லிக்கொண்டிருந்தேன். வேறு எந்த வார்த்தையும் எனக்கு வரவில்லை, ஜெபம்கூட.

ஆஸ்பத்திரியில் ஒரு பக்கம் ஈசிஜி எடுத்தார்கள், ஒரு பக்கம் கையை அமுக்கிக்கொண்டிருந்தார்கள். தையல் போட்ட பிறகும் கசிந்தது. வெளியே பெஞ்சில் உட்கார்ந்தால் எழும்பத் தோன்றியது, எழும்பினால் மறுபடி உட்காரத் தோன்றியது. கடைசியில் டாக்டர், சின்ன வயசுப் பெண், வெளியே வந்து மலையாளத்தில், "ஹார்ட்டினு குழப்பம் ஒண்ணுமில்ல டீச்சரே, பேடிக்கண்டா" என்றாள். நெஞ்சுக்கு ஒன்றுமில்லை, பயப்பட வேண்டாம், இரத்தமும் நின்றுவிட்டது, நரம்பில் படவில்லை என்றாள். இனி உளி பிடிக்கிறதானால் மரத்தை இறுக்கிக் கட்டி வைத்துவிட்டுப் பிடிக்கச் சொன்னாள்.

உள்ளே போனேன். அவர் கூரையைப் பார்த்துக்கொண்டு கிடந்தார்.

"ஏன் என்னக் கூப்பிடல்ல?"

"நீ பேடிச்சு வெப்ராளப்படுவேண்ணு தான். கொஞ்சம் அமுக்கிப் பிடிச்சா நிண்ணு போவும்ணு நெனச்சேன்."

"நான் வாயப் பொத்தினப்பமாவது சொல்லியிருக்கலாம்."

"வாயப் பொத்தினா எப்படிட்டி சொல்லுவாவ?"

பக்கத்துக் கட்டிலில் இருந்த பெண் சிரித்துவிட்டாள். எனக்குச் சிரிக்க முடியவில்லை. வெளியே வந்து தண்ணீர்க் குழாய் பக்கத்தில் நின்று அழுதேன்.

அதன்பின் விறகுப்புரை பூட்டிக் கிடந்தது. நானாகப் பூட்டவில்லை, அவரும் திறக்கவில்லை. நிம்மதியாக இருக்கும் என்று எண்ணினேன். ஆனால் கேட்பதற்கு ஒன்றுமே இல்லாத வீடு அதைவிட மோசமாக இருந்தது. டிவிக்கு முன்னால் கண்ணயர்ந்தால், சட்டை ஏறி இறங்குகிறதா என்று வாசலில் நின்று பார்ப்பேன். அவர் கண்ணைத் திறக்காமலே, "உயிரு உண்டு, உண்டு" என்பார்.

கட்டு அவிழ்த்த பிறகும் பெருவிரல் சரியாக மடங்கவில்லை. ஒரு காலையில் நானே சாவியை எடுத்துத் திறந்தேன். பலகை அப்படியே கிடந்தது, நாலாவது துளை பாதியில். அதன் ஓரத்தில் கறுத்த கறை. அவர் பின்னால் வந்து நின்றார்.

"மூணு கால்ல பெஞ்சு நிக்காது" என்றார்.

ஆட்டோக்காரத் தம்பி பாறசாலையிலிருந்து இரண்டு இரும்பு கிளாம்ப் வாங்கி வந்து, பலகையை ஒரு பழைய மேசையோடு இறுக்கிக் கொடுத்தான். உளியை நான் எடுத்தேன். அவரால் பிடிக்க முடியாதே.

"ரெண்டு கையும் உளி முனைக்குப் பின்னால இருக்கணும். மெல்லத் தட்டு" என்றார்.

முதல் தட்டில் உளி ஒன்றும் செய்யவில்லை. பிறகு ஒரு சின்னச் சீவல் எழும்பியது. அயனியின் மஞ்சள் நிறம் உள்ளே புதிதாக இருந்தது. கொட்டுவடி ஓங்கும் ஒவ்வொரு தடவையும் என் தோளுக்குப் பின்னால், "கை, கை" என்று ஒரு குரல். மூலையைச் சரிபார்க்க நான் நிறுத்திக் குனிந்தால் உடனே, "என்ன, என்னாச்சு?" என்பார்.

"ஒரு நிமிஷம் சும்மா இருங்க. பாக்கேன்."

"சொல்லிப்போட்டு நிறுத்தப்பிடாதா?" என்றார். விளையாட்டாகச் சொல்லவில்லை. நெற்றி வியர்த்திருந்தது. இவர் நெஞ்சுக்கு இது ஆகுமா என்று பயந்து, அன்று அதோடு நிறுத்தினேன். தினமும் கொஞ்சம் கொஞ்சமாக அந்த ஒரு துளையை வெட்ட எனக்கு ஒரு வாரத்துக்கு மேல் ஆனது. அவர் வெட்டிய துளைகளைப்போல் இல்லாமல் வாய் அகன்றுவிட்டது. காலுக்கும் துளைக்கும் நடுவே இருந்த இடைவெளியில் மெல்லிய ஆப்பு ஒன்று சீவி இறக்கினோம்.

கிறிஸ்மஸ் அன்று சர்ச் முடிந்து வந்து எல்லாரும் மேசையைச் சுற்றி உட்கார்ந்தார்கள். மருமகன் நல்ல உடம்புக்காரர். நான் சொல்வதற்கு முன்னால் பெஞ்சின் அந்த ஓரத்தில், நான் வெட்டிய காலுக்கு நேர் மேலே உட்கார்ந்து, கறிக்குக் கை நீட்டினார். பெஞ்சு கிறீச்சிட்டது. என் கணவரும் நானும் சோற்றிலிருந்து கையை எடுத்துவிட்டோம்.

"ரெண்டுபேரும் எதுக்கு இப்படிப் பாக்குதிய?" என்று மகள் கேட்டாள்.

"மாப்ளைக்கு இன்னும் ரெண்டு துண்டு மீன் வையி மக்கா" என்றார் அவர்.

மருமகன் எழும்புகிற வரைக்கும் நாங்கள் இரண்டு பேரும் சரியாகச் சாப்பிடவில்லை.