ஒரு ‘ங்க’ உதிர்ந்த ஆடி நோம்பி

கெங்கவல்லியில் குஞ்சம்மாளைப் பெண் கேட்டு ஆளே வரவில்லை என்று யாரும் நினைக்க வேண்டாம். வந்தார்கள். வந்தவர்களையெல்லாம் அவளே திருப்பி அனுப்பினாள். தாய் படுத்த படுக்கையாகக் கிடந்தாள். தம்பி தங்கைகளோ இடுப்பில் ஒன்று, தோளில் ஒன்று, முந்தானையைப் பிடித்துக்கொண்டு ஒன்று என்று இருந்தார்கள். அவர்களை அப்படியே விட்டுவிட்டுத் தாலி கட்டிக்கொண்டு போக அவளுக்கு மனசு வரவில்லை. கடைசித் தம்பி ஏர் பிடிக்கிற அளவுக்கு வளர்ந்து நிமிர்ந்தபோது இவள் முப்பதை நெருங்கியிருந்தாள். ஊர் வாய்க்குக் கேட்கவா வேண்டும்? ‘முத்தின கத்திரிக்காய்’ என்றது. குஞ்சம்மாள் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

அந்த வருஷங்கள் அவளுக்குக் கொடுத்த சீதனம் ஒன்று உண்டு. அழுகிற பிள்ளையை எதையாவது செய்து காட்டிச் சிரிக்க வைக்கிற கை. சோளத்தட்டையின் தோலை உரித்து, உள்ளே இருக்கிற வெள்ளை நெட்டியைத் துண்டு போட்டு, உரித்த தோலையே ஊசியாகக் குத்தி மாட்டு வண்டி செய்வாள். மாடும் இருக்கும், மாட்டுக்குக் கொம்பும் இருக்கும். பனையோலையைக் கிள்ளிக் கருவேல முள்ளில் கோத்தால் காற்றாடி. மஞ்சளோடு துளி சுண்ணாம்பைக் குழைத்தால் ரத்தச் சிவப்பாக ஒரு சாயம், சுவரில் யானை வரைய. அடுப்பில் கேழ்வரகு மாவு வெந்துகொண்டிருந்தால் ஒரு உருண்டை கிள்ளிக் கிளியாகப் பிடித்து, மிளகைக் கண்ணாக வைத்துக் கொடுப்பாள். கிளியின் தலையை முதலில் தின்பதா வாலை முதலில் தின்பதா என்று தம்பி தங்கைகளுக்குள் அடிதடியே நடக்கும்.

மேட்டூரில் அணை கட்டிக்கொண்டிருந்த காலம் அது. பரமத்தி வேலூரில் வெற்றிலைக் கொடிக்கால் வைத்திருந்த தண்டாயுதபாணி, வெற்றிலைக் கட்டு ஏற்றிக்கொண்டு கிழக்கே சந்தைகளுக்குப் போய் வருகிறவர். பெண்சாதி காய்ச்சலில் போய்ச் சேர்ந்து இரண்டு வருஷம் ஆகியிருந்தது. வீட்டில் ஆறு வயசு மகள் மாரக்காள். சந்தையில் பழக்கமான ஒருவர் குஞ்சம்மாளைப் பற்றிச் சொன்னார். தை மாதம் கல்யாணம் நடந்தது.

கல்யாணத்துக்கு வந்திருந்த சென்னியப்பன் மட்டும் உம்மென்றே உட்கார்ந்திருந்தார். மோகனூர்க்காரர். செத்துப்போனவளின் அண்ணன், மாரக்காளின் தாய்மாமன். பந்தி முடிந்து கை கழுவினதும் மாப்பிள்ளையிடம் வந்து, ஆடி பிறக்கிற அன்றைக்கு வரும் ஆடி நோம்பி வரைக்கும் பார்ப்பதாகவும், அதற்குள் பிள்ளை புதியவளோடு ஒட்டாவிட்டால் தன் வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போய்விடுவதாகவும் சொன்னார். தண்டாயுதபாணி தலையை ஆட்டினார். பக்கத்தில் நின்ற குஞ்சம்மாளுக்கு முதலில் பயம் வந்தது. ஆனால் பிள்ளைகளைத் தன்னோடு ஒட்ட வைப்பது தனக்குப் பெரிய காரியமா என்று தைரியமும் வந்தது.

வந்து இறங்கிய மறுநாளே அந்தத் தைரியம் இரட்டிப்பானது. மாரக்காள் அவள் முன்னால் வந்து நின்று, “ஏனுங்க, தண்ணி வேணுங்க” என்றாள். குஞ்சம்மாள் பூரித்துப்போனாள். கெங்கவல்லியில் இத்தனை மரியாதையாகப் பேசுகிற பிள்ளையை அவள் கண்டதே இல்லை. பங்குனியில் அக்காவைப் பார்க்க வந்த தங்கை முத்தாயம்மாளிடம் அந்தப் பெருமையை அளந்து மாளவில்லை. சோறு போட்டால் “போதுங்க”, கூப்பிட்டால் “வாரனுங்க”, பூ வைத்துவிட்டால் “நல்லாருக்குதுங்க” என்று எல்லாவற்றையும் மாரக்காளின் குரலிலேயே சொல்லிக் காட்டினாள். முத்தாயம்மாளும் வாயைப் பிளந்து கேட்டுவிட்டு ஊருக்குப் போனாள்.

அந்தப் பெருமை வாய்க்கால் படித்துறையில்தான் உடைந்தது. பக்கத்து வீட்டு அங்கம்மாளும் இவளும் துணி துவைத்துக்கொண்டிருந்தார்கள். அங்கம்மாளின் மகன் கரையில் நின்றுகொண்டு, “ஏ அம்மா, பசிக்குது, நீ வா” என்று கத்தினான். உங்கள் பிள்ளைக்கு எங்கள் மாரக்காளைப் போல மரியாதை தெரியவில்லையே என்று குஞ்சம்மாள் விளையாட்டாகச் சொன்னாள். அங்கம்மாள் சிரித்துவிட்டாள்.

“பெத்தவகிட்ட எந்தப் புள்ளெங்க ‘ங்க’ போடும்? அப்பனுக்குக்கூடப் போடும். அம்மாளுக்குப் போடாது. அதெல்லாம் ஊட்டுக்கு வந்த விருந்தாளிக்குத்தான்.”

சொன்னவள் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. சொல்லிவிட்டு அவள்பாட்டுக்குத் துணியைப் பிழிந்தாள். குஞ்சம்மாளுக்குத்தான் கையில் இருந்த சேலை கல்லாகக் கனத்தது. இத்தனை நாளும் அந்தப் பிள்ளை தன்னை விருந்தாளியாகத்தான் வைத்திருந்ததா? இதைப் போய் ஊரெல்லாம் பெருமையடித்தோமே என்று நினைக்க நினைக்க வெட்கமும் அழுகையும் சேர்ந்து வந்தது.

வீட்டுக்கு வந்து பார்த்தாள். அவள் செய்து கொடுத்த சோளத்தட்டை வண்டி, ஓலைக் காற்றாடி, வாழைப்பட்டைப் படகு எல்லாம் சுவர் மாடத்தில் வரிசையாக, அலுங்காமல் நலுங்காமல் இருந்தன. பாவி மகள், ஒன்றைக்கூட எடுத்து விளையாடவில்லை. அடுத்த வீட்டாரிடம் வாங்கிய பாத்திரத்தைப் பத்திரப்படுத்துகிற மாதிரி பத்திரப்படுத்தியிருந்தாள். தம்பி தங்கைகள் வண்டியை வாங்கின நாளே உடைத்துவிட்டு வந்து அழுவார்கள். வண்டி உடையாமல் இருப்பதைப் பார்த்து ஒருத்தி கலங்குவாளா? குஞ்சம்மாள் கலங்கினாள்.

சும்மா இருக்கிற பிறவியா அவள்? சித்திரை, வைகாசி, ஆனி என்று மூன்று மாதமும் விடாமல் முயன்றாள். தெருப்பிள்ளைகளை எல்லாம் கூட்டி, வீட்டுக்கு ஒரு பிடி அரிசி வாங்கிவரச் சொல்லிக் கொடிக்கால் நிழலில் கூட்டாஞ்சோறு பொங்கினாள். புளியங்கொட்டையை ஒரு பக்கம் தேய்த்து வெள்ளையாக்கித் தாயம் ஆடக் கற்றுக் கொடுத்தாள். தெருப்பிள்ளைகள் அவள் மேல் விழுந்து புரண்டன. மாரக்காளும் வந்தாள், உட்கார்ந்தாள், கொடுத்ததை வாங்கிக்கொண்டாள், “நல்லாருக்குதுங்க” என்றாள். அந்த ‘ங்க’ ஒவ்வொன்றும் குஞ்சம்மாளுக்குச் சுருக்கென்று குத்தியது. தண்டாயுதபாணியிடம் சொன்னால், பிள்ளை ஒழுங்காகத்தானே பேசுகிறது என்று அவர் விழித்தார். ஆண்பிள்ளைகளிடம் சொல்லி என்ன ஆகப்போகிறது?

ஆடி முதல் நாளும் வந்தது. அந்தப் பக்கத்தில் அன்றைக்குத் தேங்காய் சுடுவார்கள். முழுத் தேங்காயை நார் உரித்து, ஓட்டைக் கல்லில் தேய்த்து வழவழப்பாக்கி, ஒரு கண்ணைத் துளைத்துத் தண்ணீரை வடித்துவிட்டு, உள்ளே வெல்லமும் பொட்டுக்கடலையும் எள்ளும் அவலும் அடைத்து, கொஞ்சம் தண்ணீரைத் திரும்ப ஊற்றி, அந்தக் கண்ணிலேயே நீளக் குச்சியைச் செருகி, மஞ்சள் பூசி நெருப்பில் காட்டுவார்கள். தெருவே பிள்ளைகளின் கையில் இருக்கும். வெந்ததைப் பிள்ளையாருக்குப் படைத்துவிட்டு உடைத்துத் தின்பார்கள். கெங்கவல்லியில் இந்த வழக்கம் கிடையாது. அங்கம்மாள் சொல்லக் கேட்டு வைத்துக்கொண்டதுதான்.

அன்றைக்குத் தண்டாயுதபாணி கொடிக்காலில் இருந்தார். சாயங்காலம் சென்னியப்பன் வருவார். அதற்குள் தன் கையால் பிள்ளைக்குத் தேங்காய் சுட்டுக் கொடுத்துவிட வேண்டும் என்று குஞ்சம்மாள் பறந்தாள். மாரக்காளைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு ஓட்டைத் தேய்த்தாள், வெல்லத்தை இடித்தாள், ஒரு எள்ளுக்கு இடம் விடாமல் அடைத்தாள். குச்சிக்கு எங்கே போவது? கொடிக்காலில் வெற்றிலைக் கொடி படர அகத்தி மரம் ஏராளம். ஒரு அகத்திக் கொம்பை ஒடித்துவந்து, இது போதுமா என்று கேட்டுக்கொண்டே சீவினாள். மாரக்காள் அதைப் பார்த்தாள், இவள் முகத்தைப் பார்த்தாள்.

“சரிங்க” என்றாள்.

தெருவில் சருகுத் தீ கொழுந்துவிட்டு எரிந்தது. பிள்ளைகள் சுற்றி நின்று ஆளுக்கொரு தேங்காயைக் காட்டிக்கொண்டிருந்தார்கள். குஞ்சம்மாளும் அவர்களுக்கு நடுவே குந்தி, தன் தேங்காயைத் திருப்பித் திருப்பிக் காட்டினாள். ஓடு கறுத்தது, வெல்ல வாசம் வந்தது. அந்த நேரம் பார்த்துத்தானா சென்னியப்பனின் வண்டி தெருமுனையில் திரும்ப வேண்டும்? அவர் இறங்கி வருவதைப் பார்த்த பதற்றத்தில் இவள் தேங்காயைத் தீக்குள் இன்னும் இறக்கினாள். அகத்தி நெருப்பில் எத்தனை நேரம் நிற்கும்? மளுக்கென்று ஒடிந்தது. தேங்காய் தீக்கு நடுவில் விழுந்தது.

பாடுபட்டதெல்லாம் போயிற்றே என்கிற ஒரே நினைப்பு. குஞ்சம்மாள் வெறுங்கையைத் தீக்குள் நீட்டினாள்.

“ஐயோ, கையெ எடு! எடுன்னா எடு!”

மாரக்காள் பாய்ந்து வந்து அவள் மணிக்கட்டைப் பிடித்து இழுத்தாள். விரல் நுனிகள் சிவந்துவிட்டன. அந்தச் சின்னக் கை அவளைத் தரதரவென்று இழுத்துக்கொண்டு போய்த் தண்ணீர்க் குடத்துக்குள் கையை அமுக்கியது. அமுக்கிக்கொண்டே பிள்ளை பொரிந்து தள்ளினாள்.

“உனக்கு ஒண்ணுமே தெரியாதா? அகத்திக் குச்சி நெருப்புல நிக்குமா? அழிஞ்சிக் குச்சிதான் வெக்கோணும். நீ அக்கட்ட தள்ளு, நான் சுட்டுக் காட்டறேன்.”

“தெரிஞ்சிருந்தா சீவறப்பவே சொல்லியிருக்கலாமில்ல?” என்றாள் குஞ்சம்மாள்.

“சொன்னா நீ கோவிச்சுக்குவியோன்னு இருந்தேன்.” சொல்லிவிட்டு, வெந்த விரலை எடுத்து உஃப் உஃப் என்று ஊதினாள்.

அங்கம்மாள் அந்தப் பக்கமிருந்து, பெரியவர்களிடம் பேசுகிற பேச்சா இது, ‘ங்க’ போட்டுப் பேசு என்று மாரக்காளை அதட்டினாள். குஞ்சம்மாளுக்கு எங்கிருந்துதான் அத்தனை கோபம் வந்ததோ.

“அக்கா, நீங்க சும்மா இருங்க. அவ என்னை ஏசட்டும்.”

கண்ணில் தாரை தாரையாகத் தண்ணீர். விரல் எரிச்சல் என்று தெரு நினைத்துக்கொண்டது. மாரக்காள் அதற்குள் அங்கம்மாள் வீட்டில் ஒரு அழிஞ்சிக் குச்சியைப் பிடுங்கிக்கொண்டு வந்து, வேறு தேங்காயைத் துளைத்து, “தண்ணியப் பூரா ஊத்தாத, பாதி போதும்” என்று அதிகாரம் செய்துகொண்டிருந்தாள். குஞ்சம்மாள் நல்ல கையால் அவள் சொன்னதையெல்லாம் செய்தாள்.

சென்னியப்பன் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டே நின்றார். அவரும் அந்த ஊர்ப் பேச்சு பேசி வளர்ந்தவர்தானே. பிள்ளையைக் கூப்பிட்டு ஒரு வார்த்தை கேட்கவில்லை. தேங்காய் வெந்து, படைத்து, உடைத்து, குஞ்சம்மாள் ஒரு சில்லை வெற்றிலையில் வைத்து நீட்டியபோதுதான் வாயைத் திறந்தார்.

“கூட்டிட்டுப் போலாமுன்னுதான் வந்தனுங்க. உங்க புள்ளெ உங்களைத் திட்டுதுங்க. இனி நான் யாரைக் கேக்கறதுங்க?”

தேங்காயைத் தின்றார். நன்றாக இருக்கிறது என்றார். மாரக்காளின் தலையில் ஒருமுறை கையை வைத்துவிட்டு வண்டியேறினார்.

மறுநாள் காலையில் சோளத்தட்டை வண்டி மாடத்தில் இல்லை. வாசலில் ஒரு சக்கரம் கழன்று கிடந்தது. அன்றையிலிருந்து குஞ்சம்மாளுக்கு வண்டி செய்து கொடுத்து முடியவில்லை. ‘அம்மா’ என்கிற சொல் எப்போது வந்து சேர்ந்தது என்று அவளுக்கே தெரியாது. கவனிக்கவில்லை. அவளுக்கு அந்த ‘நீ’ போதுமாக இருந்தது.

அடுத்த பங்குனியில் முத்தாயம்மாள் மறுபடி வந்தாள். அக்கா சொன்ன மரியாதையைக் கேட்க ஆசையாகத்தான் வந்து உட்கார்ந்தாள். மாரக்காள் தலைவிரி கோலமாக உள்ளே ஓடிவந்தாள்.

“ஏ அம்மா, என்ற வண்டியெ எங்க வெச்ச? தொடாதேன்னு நேத்தே சொன்னனில்ல?”

கூரை எறவாணத்தில் செருகியிருந்ததைக் குஞ்சம்மாள் எடுத்துக் கொடுத்தாள். பிள்ளை வெடுக்கென்று பிடுங்கிக்கொண்டு வெளியே ஓடினாள். முத்தாயம்மாளுக்கு மனசு கேட்கவில்லை. அக்காவின் காதோரம் குனிந்தாள்.

“என்னக்கா இது? போன தடவை வாயைத் தொறந்தா அவ்ளோ மரியாதையா பேசிச்சு. நல்ல புள்ளையை இப்படிக் கெடுத்து வெச்சிருக்கியே.”

குஞ்சம்மாள் விழுந்து விழுந்து சிரித்தாள்.

“ஆமாண்டி, கெடுக்கறதுக்குள்ள என் உசுரே போயிடுச்சு.”