மேல்வீட்டுத் தண்ணீர்

கொட்டாஞ்சேனையில் துறைமுகத்தைப் பார்த்து இறங்கும் மேட்டில், படிக்கட்டின் இரு பக்கமும் ஒன்றோடொன்று ஒட்டி நின்ற வீடுகள்தான் எங்கள் தோட்டம். தோட்டம் என்று பெயரே தவிர, மருந்துக்கும் ஒரு செடி கிடையாது. வெள்ளைக்காரன் காலத்தில் கப்பலுக்குக் கரி ஏற்றுபவர், மூட்டை தூக்குபவர், என் அப்பாவைப் போலப் பட்டறையில் இரும்பு அடிப்பவர் எல்லாரும் அங்கேதான் இருந்தார்கள். ஆனால் வாசலில் நின்றால் முழுத் துறைமுகமும் எங்களுடையது மாதிரித் தெரியும். கறுவாத்தோட்டத்துப் பெரிய பங்களாக்களிலிருந்து இது தெரியாது என்று அப்பா அடிக்கடி சொல்வார்.

தமிழர், சிங்களவர், மலாய்க்காரர் என்று யாரும் யாரையும் பிரித்துப் பார்த்ததில்லை என்று சொன்னால் பொய்யாகிவிடும். நன்றாகவே பிரித்துப் பார்த்தோம், சண்டையும் பிடித்தோம். தண்ணீர் விஷயத்தில் மட்டும் எல்லாருக்கும் ஒரே சட்டம். படிக்கட்டை ஒட்டிக் கழிவுநீர் போக ஒரு திறந்த கான் ஓடியது. மேல்வீட்டில் ஊற்றும் தண்ணீர் கீழ்வீட்டு வாசலைத் தொட்டுக்கொண்டுதான் கடலுக்குப் போகும். அங்கே கானோரத்தில் யாராவது சட்டி கழுவிக்கொண்டிருப்பார்கள், பிள்ளை தவழ்ந்துகொண்டிருக்கும். ஆகவே மேலே இருப்பவர் “தண்ணி வருது” என்று குரல் கொடுக்க வேண்டும். கீழே இருப்பவர் சட்டியையும் பிள்ளையையும் தூக்கிக்கொண்டு “ஊத்து” என்று சொன்ன பிறகே வாளியைச் சரிக்கலாம். சிங்கள வீட்டாரும் மலாய் வீட்டாரும்கூட இதைத் தமிழில்தான் சொன்னார்கள். எங்களுக்கு அதில் கொஞ்சம் தலைக்கனம்.

எங்களுக்கு நேர் கீழ்வீடு சின்னம்மாவுடையது. அம்மாவின் ஒரே தங்கை. வேதத்துக்கு மாறி, துறைமுகத்தில் வேலை செய்த ஒரு கத்தோலிக்கரைக் கட்டிக்கொண்டதால் அம்மா கல்யாணத்துக்குப் போகவில்லை. இனி அவளோடு ஒரு வார்த்தை பேசுவதில்லை என்று சபதமும் செய்திருந்தார். துறைமுகத்துக்கு நடந்து போகிற தூரத்தில் வேறு வீடு கிடைக்காமல், புதுத் தம்பதி எங்கள் காலடியிலேயே வந்து குடியேறினார்கள். கோபித்துக்கொண்டு தூரப் போகிற வசதியெல்லாம் எங்கள் மேட்டில் கிடையாது.

நாள்தோறும் அம்மா வாசலில் நின்று, கடலைப் பார்த்துக்கொண்டு “தண்ணி வருது” என்பார். கீழிருந்து “ஊத்து” என்று வரும்.

“நீங்கள் சின்னம்மாவோடை கதைக்கிறனீங்கள்தானே,” என்று ஒருநாள் கேட்டேன்.

“அது கதையில்லை. அது தண்ணி,” என்றார் அம்மா.

சின்னம்மா பிள்ளைத்தாச்சியானபோது அம்மாவின் சுத்தம் திடீரென்று அதிகமாகிவிட்டது. அரிசி கழுவிய தண்ணீர், கை கழுவிய தண்ணீர், ஒரு செம்புத் தண்ணீர்கூட அறிவிப்போடுதான் கானுக்குப் போனது. ஒருமுறை “ஊத்து” கரகரத்து வந்தது. அம்மா உடனே கொத்தமல்லி அவித்து என் கையில் தந்து, “மலாய் வீட்டு மாமி தந்துவிட்டவ எண்டு சொல்லு,” என்றார். சின்னம்மா ஒரு வாய் குடித்தார். “மலாய் மாமி எங்கடை வீட்டுப் பக்குவத்திலையெல்லோ அவிச்சிருக்கிறா,” என்று சொல்லி மிச்சத்தையும் குடித்தார். பொய்யைத் திறமாகச் சொல்லிவிட்டேன் என்ற பெருமையோடு நான் படியேறினேன்.

பிறகு முனிசிப்பல் ஆட்கள் வந்து கானைத் தோண்டி, நிலத்துக்குள் குழாய் புதைத்து, ஒவ்வொரு வாசலிலும் கம்பி மூடியோடு ஒரு துவாரம் வைத்துவிட்டுப் போனார்கள். தோட்டமே கொண்டாடியது. இனிக் கத்தவும் வேண்டாம், காத்திருக்கவும் வேண்டாம். அம்மா மட்டும் வாளியும் கையுமாக வாசலில் கொஞ்ச நேரம் நின்றார். பிறகு சத்தமில்லாமல் ஊற்றினார். அடுத்த நாட்களிலும் அப்படித்தான். சோறு இறங்கவில்லை என்று தட்டைத் தள்ளி வைத்தார். கீழே தங்கைக்கு மாதம் நிறைந்துகொண்டிருந்தது. இறங்கிப் போய்ப் பார்க்கச் சபதம் விடவில்லை.

ஒரு காலையில் சின்னம்மா நிறைவயிற்றோடு படியேறி வந்தார். ஒவ்வொரு படியிலும் நின்று மூச்சு வாங்கினார். எங்கள் வாசல் சுவரைப் பிடித்துக்கொண்டு, என்னைப் பார்த்துத்தான் பேசினார்.

“தண்ணிச் சத்தம் ஒண்டையும் காணேல்லை. அக்காவுக்குச் சுகமில்லையோ எண்டு பாக்க வந்தனான்.”

அம்மா உள்ளேயிருந்து வந்து நிலையில் சாய்ந்து நின்றார். அவரும் என்னிடம்தான் சொன்னார்.

“இப்ப குழாய்க்குள்ளாலை போகுதெண்டு அவளுக்குச் சொல்லு.”

எனக்குச் சிரிப்பாக இருந்தது. இவ்வளவு சின்ன விஷயம் சின்னம்மாவுக்கு விளங்கவில்லையே என்று பாவமாகவும் இருந்தது. இருவருக்கும் நடுவில் நின்று, தண்ணீர் எந்தத் துவாரத்தால் இறங்குகிறது, எந்த வழியாகக் கடலுக்குப் போகிறது, ஏன் இனிமேல் யாரும் யாரையும் கூப்பிடத் தேவையில்லை என்றெல்லாம் கையை ஆட்டி ஆட்டி விளக்கினேன். இருவரும் அசையாமல் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவ்வளவு நன்றாகச் சொல்கிறேன் என்று நினைத்து, முதலிலிருந்து இன்னொரு தரம் சொன்னேன். ஒருவரை ஒருவர் பார்ப்பதற்கு அவர்களுக்கு இன்னும் கொஞ்ச நேரம் தேவைப்பட்டது என்பது எனக்கு அப்போது விளங்கவில்லை.