துண்டால் மூக்கைப் பொத்தியவர்

கல்லீரல் கெட்டுப்போய்ப் புதுச்சேரியில் ஓர் ஆஸ்பத்திரி வார்டில் நான் கிடந்தபோது, பக்கத்துப் படுக்கையில் இருந்தவர் அவர். கண்கள் மஞ்சள், வயிறு பானை. ஆனால் தலைமுடி எப்போதும் படிய வாரியிருக்கும். தோளில் ஒரு வெள்ளைத் துண்டு. எதற்கெடுத்தாலும் அதைக்கொண்டு மூக்கைப் பொத்திக்கொள்வார்.

எங்கள் இருவருக்கும் ஒரே மருந்து, பிசுபிசுவென்று குமட்டும் ஓர் இனிப்புச் சிரப். கல்லீரல் கெட்டவர்களுக்குக் குடல் மந்தமாகிவிடும், மலம் தங்கினால் விஷம் மூளைக்கு ஏறும், அதனால் தினமும் நன்றாகப் போயாக வேண்டும் என்றார் டாக்டர்.

வார்டு கக்கூஸை நினைத்தாலே எனக்கு வாந்தி வரும்; இருந்தாலும் குடித்துவிட்டுப் போய்வருவேன். அவரோ சிரப்பை வாஷ்பேசினில் ஊற்றிவிடுவார். அங்கே எறும்பு மொய்த்துக் கிடக்கும்.

"குடிச்சா அங்க போவணும் சார். பெரிய மார்க்கெட்ல மீன் கழுவுன தண்ணி அதவிட சுத்தம்" என்றார். நர்ஸிடம் மட்டும், "நல்லா போயிட்டேன்மா" என்பார்.

சில நாளில் பேச்சு குழறியது. மனைவியையே யாரென்று கேட்டார். அப்புறம் நினைவு தப்பியது. எனிமா கொடுத்தார்கள். படுக்கை, சுவர், தரை எங்கும் தேங்கிக்கிடந்த நாற்றம். நான் சோற்றைத் தள்ளி வைத்தேன். அவர் மனைவி முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு துடைத்தார்.

மறுநாள் தெளிந்ததும் அவர் முதலில் துண்டைத் தேடி மூக்கைப் பொத்தினார். "இன்னாடி நாத்தம் இது? எவன் பண்ணான்?"

அந்த அம்மாள் என்னைப் பார்க்காமலே சொன்னார். "பக்கத்து பெட்டுக்காரரு."

நான் மறுக்கவில்லை. வீட்டுக்குக் கிளம்பும்வரை அவர் எனக்கு முதுகைக் காட்டியே படுத்திருந்தார், மூக்கில் துண்டோடு.