கொய்யாவை மாதுளை என்றேன்

போன ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் பீர் குடித்தேன். ஒரு கிளாஸ்தான். அதிலும் ஒரு வாய்தான். மீதியை என் மனைவி குடித்தாள். பிரச்னை அங்கேதான் ஆரம்பம்.

கொச்சி மட்டாஞ்சேரியில் எனக்கு வேணு என்று ஒரு நண்பன். பள்ளிக்கூடத்தில் ஒரே பெஞ்ச். பஜாரில் கீழே அரிசி குடோன், மேலே வீடு. அவன் மச்சினன் அனூப் பெங்களூரில் பீர் தயாரிக்கிற ஒரு சின்ன கம்பெனியில் இருக்கிறான். சாதாரண பீர் இல்லை... 'சவர் பீர்'. பழம் போட்டு, வேண்டுமென்றே புளிக்க வைப்பது. நம் வீட்டில் தயிர் புளித்தால் மோர்க்குழம்பு. மாவு புளித்தால் ஊத்தப்பம். பீர் புளித்தால் கிராஃப்ட் பீர். அவ்வளவுதான் விஷயம்.

அனூப் தானே புதிதாகச் செய்த சரக்கை லேபிள் ஒட்டாத டின்களில் கொண்டு வந்திருந்தான். மாநில எல்லை தாண்டி எப்படி வந்தது என்று கேட்காதீர்கள். நானும் கேட்கவில்லை.

என்னை எதற்குக் கூப்பிட்டான்? லேபிளுக்கு ஒரு வரி வேண்டுமாம். பழத்தின் பெயரைச் சொல்லாமல் தருவானாம். நான் குடித்துக் கண்டுபிடித்து, என் பாணியில் நறுக்கென்று ஒன்று சொல்ல வேண்டுமாம். வாரா வாரம் நான் எழுதும் இந்தச் சாப்பாட்டுப் பத்தியைத் தொடர்ந்து படிக்கிறவன். "சேட்டனோட நாக்கு, நாக்காக்கும்" என்று போனில் புகழ்ந்தான். புகழ்ந்தால் யார் போகாமல் இருப்பார்கள்?

இந்த இடத்தில் உங்களிடம் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். மூன்று வருஷமாகச் சொல்லாதது.

எனக்கு வாசனை தெரியாது.

மூன்று வருஷத்துக்கு முன்னால் ஒரு காய்ச்சல் வந்தது. காய்ச்சல் போனது, கூடவே மூக்கும் போனது. நாக்கு வேலை செய்கிறது. மிளகாய் எரியும், பாகற்காய் கசக்கும். ஆனால் காபிக்கும் கஷாயத்துக்கும் வித்தியாசம் கேட்டால் விழிப்பேன். மட்டாஞ்சேரி பஜாரில் சுக்கு மூட்டைகளைத் தாண்டும்போது டூரிஸ்டுகள் நின்று கண்ணை மூடி மூச்சை இழுக்கிறார்கள். எனக்குத் தும்மல் மட்டும் வருகிறது. டாக்டர் "திரும்பி வரலாம்" என்றார். எப்போது என்று கேட்டேன். பேனாவை மூடினார்.

அப்படியென்றால் இத்தனை நாள் எழுதியது? தோப்பும்படி மீன்கறியில் குடம்புளி எங்கே மற்றதை அமுக்குகிறது என்று எழுதினேனே... எர்ணாகுளம் பிராட்வே சந்தில் ஒரு கடைப் புட்டுக்கு 'அப்போதுதான் இஸ்திரி போட்ட சட்டையின் மணம்' என்று எழுதினேனே... அதற்கு எத்தனை கடிதம் போட்டீர்கள்!

எல்லாம் கோமதி சொன்னது. என் மனைவி. பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிடுவாள். நான் அவள் முகத்தைப் பார்ப்பேன். அவள் மெதுவாக இரண்டு வார்த்தை சொல்வாள். நான் வீட்டுக்கு வந்து அதை எழுதிக்கொள்வேன். இஸ்திரிச் சட்டை அவள் வாயிலிருந்து வந்தது. ஒரு எழுத்துகூட நான் மாற்றவில்லை.

இந்த உதவிக்கு நான் என்ன செய்தேன்? அவள் உப்புமாவைக் கேலி செய்து எழுதினேன். ஒரு தடவையா, இரண்டு தடவையா? கை ஓடாத வாரமெல்லாம் அந்த உப்புமாதான் என்னைக் காப்பாற்றியது. சிரித்தீர்கள். நானும் உற்சாகமாகி இன்னும் கொஞ்சம் கிண்டினேன்.

சரி, ஞாயிற்றுக்கிழமைக்கு வருகிறேன்.

வேணு வீட்டு ஹாலில் ஃபேனுக்குக் கீழே உட்கார்ந்தோம். அனூப் டின்னைத் திறந்து மூன்று கிளாஸில் ஊற்றினான். வெளிறிய ரோஸ் நிறம். கோமதி கையில் எலுமிச்சை ஜூஸ். பையன் மரியாதை தெரிந்தவன், "சேச்சிக்கும் கொஞ்சம் ஊத்தட்டா?" என்று கேட்டான்.

அவள் பதில் சொல்வதற்கு முன்னால் நான் சொன்னேன். "அவளுக்கு எதுக்குப்பா? ருசிக்கும் அவளுக்கும் ரொம்ப தூரம். உப்புமா மேட்டர் படிச்சதில்லையா நீ?"

வேணு சிரித்தான். அனூப் சிரித்தான். கோமதியும் லேசாகச் சிரித்தாள். அந்தச் சிரிப்பை நான் சரியாகப் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் அங்கேயே வாயை மூடியிருப்பேன்.

கிளாஸை எடுத்தேன். மூக்குக்குக் கீழே இரண்டு தடவை ஆட்டினேன். நடிப்புதான், வேறென்ன? ஒரு வாய் குடித்தேன். தாடை கூசியது. நாக்கின் ஓரமெல்லாம் எலுமிச்சையைத் தேய்த்த மாதிரி ஒரு புளிப்பு, முடிவில் கொஞ்சம் கசப்பு. பழம்? பழம் எங்கேயும் இல்லை. நிறத்தைப் பார்த்தேன். ரோஸ்... என்னவாக இருக்கும்?

"மாதுளை" என்றேன். அதோடு நிறுத்தியிருக்கலாம். "அதுவும் தோலோட சேர்த்துப் பிழிஞ்ச மாதிரி ஒரு துவர்ப்பு இருக்கு பார்..."

வேணுவும் அனூப்பும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். அப்புறம் வேணு தொடையைத் தட்டிக்கொண்டு சிரித்தான். "கள்ளன். நம்மளக் களியாக்கறான்டா இவன்."

பிறகுதான் தெரிந்தது, டின்னைத் திறந்த கணமே கொய்யா வாசனை ஹால் முழுக்க நிறைந்துவிட்டதாம். கொய்யாப்பழத்தை ஒளித்து வைக்க முடியுமா? பீரோவுக்குள் பூட்டினாலும் தெருவுக்குத் தெரியும். மூக்குள்ள எவனும் அதை மாதுளை என்று சொல்ல மாட்டான். அதனால்தான் நான் வேடிக்கை செய்கிறேன் என்று நினைத்துவிட்டார்கள். என் பெயர் என்னைக் காப்பாற்றியது. நானும் சேர்ந்து சிரித்தேன். எதற்குச் சிரிக்கிறேன் என்று தெரியாமலே.

அனூப் போனை எடுத்துக்கொண்டு தயாரானான். "சேட்டா, தமாஷ் போதும் கேட்டோ. ஒரு நல்ல வரி சொல்லுங்க. இப்பவே எழுதிக்கறேன்."

வழக்கம்போல் கோமதி முகத்தைப் பார்த்தேன். அவள் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தாள். கிளாஸை அவள் பக்கம் தள்ளினேன். "நீயும் ஒரு வாய் பாரேன்."

"ருசிக்கும் எனக்கும் ரொம்ப தூரமாச்சே" என்றாள்.

குரல் உயரவில்லை. இன்னும் கொஞ்சம் சாதம் போடட்டுமா என்று கேட்கிற அதே குரல். அனூப் போனைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தான்.

பிறகு அவளே கிளாஸை எடுத்தாள். நிதானமாக, கடைசிச் சொட்டு வரைக்கும் குடித்தாள். என் பிள்ளைகளின் அம்மா பீர் குடித்து நான் பார்த்தது அன்றுதான்.

"பேரக்காய்" என்றாள். கொய்யாவுக்கு எங்கள் ஊரில் அதுதான் பெயர். "நல்லாப் பழுத்தது இல்ல. காம்புப் பக்கம் இன்னும் பச்சை விடாதது. பரீட்சைக்குப் போற வழியில கடிச்சுக்கிட்டே போவோமே, அது." அனூப் எழுத ஆரம்பித்தான். அவள் அவனைப் பார்த்துச் சொன்னாள். "அவருக்கு மணம் தெரியாதுப்பா. மூணு வருஷமாச்சு. இனிமே இந்த மாதிரி எதாவது வேணும்னா என்கிட்டக் கேளு."

வேணு என்னைப் பார்த்தான். நான் தரையைப் பார்த்தேன். "அப்ப அந்த மீன்கறி எழுதினது?" என்று அனூப் மெதுவாகக் கேட்டான்.

திரும்பி வரும்போது படகில் எனக்குக் கோபம்தான் வந்தது. வெட்கம் இல்லை. பொய் சொல்ல மாட்டேன், கோபம்தான். "வீட்டுல வெச்சுச் சொல்லியிருக்கலாம்ல? ரெண்டு பேர் முன்னால என் மானம் போச்சு" என்றேன்.

"என் மானம் வாரா வாரம் அச்சுல போகுது" என்றாள். "அதை எத்தனை பேர் படிக்கறாங்கன்னு நீங்கதானே பெருமையாச் சொல்லுவீங்க."

எர்ணாகுளம் வரும் வரைக்கும் நான் தண்ணீரைப் பார்த்துக்கொண்டே வந்தேன்.

இரண்டு நாள் பேசவில்லை. நான்தான் பேசவில்லை. அவள் சாதாரணமாகத்தான் இருந்தாள். மூன்றாம் நாள் எழுத உட்கார்ந்தபோது தெரிந்தது, எனக்கு எழுத எதுவுமே இல்லை. அந்த பீரைப் பற்றி என்னால் சொல்ல முடிந்தது 'புளித்தது, கசந்தது' என்ற இரண்டே வார்த்தை. வேறு வழியில்லாமல் நடந்ததை எழுதினேன். பெரிய மனதோடு எழுதினேன் என்று யாரும் நினைத்துவிடாதீர்கள்.

அனுப்புவதற்கு முன்னால் கோமதியிடம் கொடுத்தேன். இத்தனை வருஷத்தில் அச்சுக்குப் போகுமுன் அவளிடம் காட்டியது இதுதான் முதல் தடவை. அடுப்பை அணைத்துவிட்டு, கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, நின்றபடியே படித்தாள். நான் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். பழக்கம்.

"எல்லாம் சரிதான்" என்று தாளைத் திருப்பிக் கொடுத்தாள். "அதுல உப்பு இருந்துதே, அதை எழுதலையே?"

"உப்பா? எனக்குத் தெரியலையே."

"நல்லாவே போட்டிருந்தான்" என்றாள். "அது தெரிய மூக்கு எதுக்கு?"