மேஸ்திரியின் விசில்

கூடலூருக்கு மேலே மலையில் நாங்கள் பாறை உடைத்த காலத்தில், மதுரையிலிருந்து புது மேஸ்திரி ஒருவன் வந்தான். கழுத்தில் பித்தளை விசில் தொங்கியது. அதற்கு மேலே மூளை இருந்ததாக எனக்கு ஞாபகமில்லை. வேலைக்கு ஊதுவான், கஞ்சிக்கு ஊதுவான், குடை வேண்டுமென்றாலும் ஊதுவான். எங்களோடு பேசினால் கௌரவம் குறைந்துவிடுமாம்.

வெடித் திரி கொளுத்தியதும், எங்களோடு பாறை உடைத்த ராயப்பன் பாறைமேல் ஏறி, "வெடி! ஒதுங்குங்க!" என்று கத்துவது வழக்கம். அதையும் மேஸ்திரி நிறுத்தினான்.

"கூப்பாடு போடாதடா. நான் ஊதுனாப் போதும்."

மறுநாள் ஊதினான்.

"குடை கேக்குறாக போல," என்றாள் என் தங்கை வீராயி. பாறைக்கு அந்தப் பக்கம் திரி எரிவது தெரியாமல், குடையோடு அந்த வழியே நடந்தாள்.

"ஆத்தா வீராயி, கீழ படு! வெடி!"

ராயப்பன்தான் உத்தரவை மீறிக் கத்தினான். அவள் குப்புற விழுந்தாள். உயிர் தப்பியது, தெறித்த கல் கையை முறித்தது.

இரத்தம் வழிய அவளைத் தூக்கிப்போனோம். மேஸ்திரி எங்களைப் பார்த்துச் சொன்னான்:

"நான்தான் ஊதுனேனே!"

வீராயியின் கை கோணலாகத்தான் கூடியது. சொன்னது புரிந்ததா என்று எங்கள் முகத்தைப் பார்க்காத எவனிடமும் அதன்பின் நான் வேலைக்கு நிற்கவில்லை. ஊதுவது மட்டுமே வேலையென்றால், என் அடுப்பங்கரை ஊதாங்குழலும் மேஸ்திரிதான்.