காணாமல் போன அல்லிப் பூக்கள்

தோட்டத்துக் குட்டையில் அல்லி வளர்ப்பதாக இங்கே படம் போட்டுப் பீற்றிக்கொண்டேன் அல்லவா? மீதியையும் கேளுங்கள்.

பூத்த நாலாம் நாள் ஒவ்வொரு பூவும் காணாமல் போனது. கடலூர் ஆபீஸிலிருந்து சிதம்பரம் திரும்பினால் வெறும் இலைதான் மிதக்கும்.

பக்கத்து வீட்டுக் கமலா அக்கா தினமும் பூஜைக்கு எங்கள் வேலியோரச் செம்பருத்தியைப் பறிப்பவர். நேற்று அவரிடமே கேட்டுவிட்டேன்.

"சாமிக்குன்னா சொல்லிட்டு எடுக்கலாமேக்கா?"

"நான் எடுக்கலம்மா" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார். இன்று காலை செம்பருத்தி பறிக்கவும் வரவில்லை.

லீவுதானே என்று பழுத்த இலைகளை எடுக்கக் குட்டையில் கைவிட்டேன். அடியில், காணாமல் போன மூன்று பூக்களும் தண்டோடு அழுகிக் கிடந்தன. நாலு நாள் பூத்ததும் அல்லி தானாகவே மூடிக்கொண்டு தண்ணீருக்குள் போய்விடுமாம். வளர்க்கிற எனக்குத் தெரியவில்லை.

நிமிர்ந்தால் வேலிக்கு அந்தப் பக்கம் அக்கா.

"பூ போச்சுன்னு சங்கடப்பட்டியே, கடையில ரெண்டு முழம் ஜாஸ்தியா வாங்கியாந்தேன். இந்தா, சாமிக்குப் போடு."

வலது கையால் வாங்கிக்கொண்டேன். அழுகிய பூக்கள் இடது கையில், முதுகுக்குப் பின்னால்.

அக்கா பேஸ்புக்கில் இல்லை. அந்தத் தைரியத்தில்தான் உங்களிடம் மன்னிப்புக் கேட்கிறேன். திட்டுகிறவர்கள் கீழே திட்டலாம்.